தட்டினால் நிற்கணும்

அத்தியாயம் பதினொன்று

துர்காவுக்கு விடிந்ததிலிருந்தே கை சும்மா இருக்கவில்லை. வலது கை பிரஷ்ஷைப் பிடித்துப் பல் தேய்த்தது. இடது கை காற்றில் கியர் போட்டுக்கொண்டிருந்தது. முதல், இரண்டு, நியூட்ரல், ரிவர்ஸ்.

"பல்லு வெளக்கறியா, பஸ்ஸு ஓட்டறியா?" என்றாள் அம்மா குப்பம்மாள், இடுப்புக் குடத்தை இறக்காமலே.

"ரெண்டும்தான்."

சிரிக்க வேண்டிய பதில்தான். ஆனால் அந்த வீட்டில் யாரும் சிரித்து ஒரு மாதம் ஆகிறது.

பொதட்டூர்பேட்டையில் லுங்கி மூட்டை ஏற்றப் போன அப்பா பக்தவச்சலம், பட்டப்பகலில், நேரான தெருவில், தன் குட்டி யானை லோடு வண்டியைக் கொண்டுபோய் ஒரு காம்பவுண்டுச் சுவரில் சாத்தினாரே, அன்றோடு போனது சிரிப்பு. சுவர்தான் குறுக்கே வந்தது என்கிற மாதிரி இன்றுவரை அவர் பேசிக்கொண்டிருக்கிறார். கண் டாக்டர் வேறு மாதிரி சொன்னார். சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது. இடது கண் கிட்டத்தட்ட போய்விட்டது, வலது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது.

ஆர்.கே.பேட்டையிலிருந்து மறுநாளே அத்தை எல்லம்மாள் வந்து இறங்கிவிட்டாள். "எம் புள்ள விஜயன் இருக்கசொல்ல உனக்கு இன்னா கவல? வண்டிய அவன் பாத்துக்குவான்." தம்பி வீட்டு வண்டி முதலில் வரும், பின்னாலேயே தம்பி பெண்ணும் வந்துவிடும். அத்தையின் திட்டம் அவ்வளவுதான். அதை அவள் மறைக்கவும் இல்லை.

துர்கா நடு வீட்டில் நின்று கத்தினாள். நான் ஓட்டுகிறேன், என் வீட்டு வண்டியை நான் ஓட்டுகிறேன் என்று. அவள் கத்தினால் தெரு முனை டீக்கடை வரைக்கும் கேட்கும்.

பக்தவச்சலம் கடைசியில் சொன்னார்: "லைசென்ஸ் வாங்கிகினு வா. பாஸானா சாவி உன்னுது. ஆவலன்னா, அன்னிக்கு சாயங்காலமே விஜயன் வந்து எடுத்துகினு போவட்டும்."

அந்த 'அன்னிக்கு'தான் இன்றைக்கு.

துர்கா அந்த வீட்டின் முதல் பட்டதாரி. பி.காம். அதற்கான சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்து ஆணியில் வண்டிச் சாவி தொங்கும். மூன்று வருஷம் படித்து வாங்கிய காகிதம் அவளைக் கொண்டுபோய் ஒரு ஜவுளிக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நிற்க வைத்தது. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்துவிட்டதாம். நாற்காலிதான் வரவில்லை. கால் வீங்கி அந்த வேலையை விட்ட நாளில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பக்கத்து ஆணியில் தொங்குவதில் ஏறினால் உட்கார்ந்துகொண்டே சம்பாதிக்கலாம்.

முன்னால் போகிற ஓட்டம் அவளுக்கு நன்றாகவே வந்தது. வராதது பின்னால் போகிறது.

●

"மறுபடி நின்னுட்ட!"

நஸியா அக்கா டேஷ்போர்டில் கையை வைத்துக்கொண்டு கத்தினாள். மெக்கானிக் சர்தார் பாயின் மூத்த மகள். அப்பா வண்டியைப் பிரித்து மாட்டினார். மகள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் மனையில், பெயின்ட் டப்பாக்களில் சிமென்ட் ஊற்றி, பிளாஸ்டிக் குழாய்களை நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தாள். அந்தக் கம்பங்களுக்கு நடுவில் காரைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

"நிக்கலக்கா. பாத்தேன்."

"எதப் பாத்த? பாதி தூரம் வர, பிரேக்க மிதிக்கிற, காத கூர்மையாக்கிகினு உக்காந்துகினு இருக்க. யாருக்குடி வெய்ட் பண்ற?"

யாருக்கு என்று துர்காவுக்குத் தெரியும்.

குட்டி யானையில் மூட்டை அடுக்கிவிட்டால் பின்னால் என்ன இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. தறி வீடுகள் இருக்கும் சந்துகளில் வண்டி திரும்பவும் இடம் கிடையாது. அதனால் பக்தவச்சலம் எந்தச் சந்துக்குப் போனாலும் குப்பம்மாள் கூடப் போவாள். இறங்கிப் பின்னால் நின்று, வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் தட்டுவாள். டப், டப், டப் என்று மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம். ஓங்கி ஒரே ஒரு தட்டு தட்டினால் அங்கேயே நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. தட்டினால் நிற்கணும். அந்த வீட்டில் எல்லோரும் கை கழுவுவது மாதிரி கற்றுக்கொண்ட விஷயம் அது.

துர்காவும் அப்படித்தான் ரிவர்ஸ் பழகினாள். கண்ணால் பழகவில்லை. காதால் பழகினாள்.

"எங்கம்மா தட்டுவாங்க," என்றாள்.

"இன்ஸ்பெக்டர் தட்டுவாரா? போயி கேட்டுப் பாரேன். சார், கொஞ்சம் பின்னாடி நின்னு தட்டறீங்களான்னு."

துர்காவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல் முந்திக்கொண்டது. "நக்கல் பண்ணாதக்கா. எனக்கு இன்னிக்கு டெஸ்ட்டு."

"அதனாலதான் பண்றேன். கண்ணாடிய ஏத்து."

"எது?"

"ஜன்னல் கண்ணாடி. ரெண்டு பக்கமும். ம், முழுசா. இப்ப வெளிய எவன் தட்டனாலும் உனக்குக் கேக்காது. சைடு கண்ணாடியில கம்பத்தப் பாரு. கம்பம் பின் கதவுக்கு வந்ததும் முழுசா ஒடி. வண்டி கோட்டுக்கு நேரா வந்ததும் ஸ்டீயரிங்க நேராக்கு. நான் வாயே தொறக்க மாட்டேன்."

கண்ணாடி ஏறியதும் காருக்குள் ஒரு அமைதி வந்து உட்கார்ந்தது. துர்காவுக்கு அது பிடிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாத மாதிரி இருந்தது. கிளட்சை மெதுவாக விட்டாள். கம்பம் கண்ணாடியில் நகர்ந்தது. பின் கதவு. ஒடி. இன்னும். கோடு. நேராக்கு.

கார் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றது.

"மறுபடி," என்றாள் நஸியா.

மறுபடியும் நின்றது. அதற்கடுத்தும் நின்றது. கடைசித் தடவை துர்கா ஹாரனை அடித்துவிட்டாள், சந்தோஷத்தில். மனைக்கல்லில் உட்கார்ந்திருந்த இரண்டு காகங்கள் எழுந்து பறந்தன.

"வந்துடுச்சிக்கா!"

"ஆங், வந்துடுச்சி. டெஸ்ட்டுல ஹாரன் அடிச்சிகினு இருக்காத. இப்ப வீட்டுக்குப் போயி எதனா சாப்ட்டு வா. நான் கார எடுத்துகினு நேரா கிரவுண்டுக்கு வந்துடறேன்."

●

டெஸ்ட்டுக்குக் குட்டி யானையிலேயே கிளம்பினார்கள். முன்னால் சிவப்பில் எல் ஒட்டியிருந்தது. துர்கா ஓட்டினாள். பக்கத்தில் பக்தவச்சலம், சலவைச் சட்டையில். பின்னால் லோடு ஏற்றும் இடத்தில் குப்பம்மாள் கம்பியைப் பிடித்து நின்றாள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். நின்றே பழகிவிட்டாள்.

மறுநாள் மலைக் கோயிலில் கிருத்திகை. ஊருக்குள் வருகிற ரோட்டில் ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் துணியும் காவடியுமாக ஜனம் நடந்துகொண்டிருந்தது. ஆந்திரா பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் தெலுங்கில் அரோகரா போட்டுக்கொண்டு போனது.

"அந்த மூணாவது கியருக்கு ஏன் இப்பிடி அழுவுற? நைசா போடு," என்றார் பக்தவச்சலம்.

"நைசாதான் போட்டேன் நைனா."

"எனக்குக் காது போவல."

அவர் கை தொடையில் தாளம் போட்டது. கால், அங்கே இல்லாத பிரேக்கை அழுத்தியது. அவருக்கும் அன்று உடம்பு நிலைகொள்ளவில்லை.

"தள்ளு கண்ணு," என்றார் திடீரென்று.

"எதுக்கு?"

"கொஞ்சம்தான். மெயின் ரோடு வரைக்கும். நீ டெஸ்ட்டுக்குப் போறவ, கைய ரெஸ்ட்டுல வையி. நான் ஓட்டறேன்."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"டாக்டர் காரு ஓட்டறதப் பாத்திருக்கேன் நான். தள்ளு கண்ணு. இதான் கடைசி."

துர்கா ஓரம் கட்டினாள். ஜவுளிக்கடை முதலாளி முகத்துக்கு நேராக, நீ உட்கார்ந்திருக்கிற நாற்காலியை எனக்குக் கொடு என்று கேட்டவள் அவள். அத்தைக்கு முன்னால் நின்று கத்தியவள். ஆனால் அப்பா கண்ணு என்று கூப்பிட்டால், சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும்போது கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டால், அவள் நகர்ந்து உட்கார்ந்துவிடுவாள். நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவர் எடுத்த விதம் அழகாகத்தான் இருந்தது. கியர் வெண்ணெயாக விழுந்தது. இரண்டு திருப்பம் வரைக்கும் துர்கா மூச்சை விட்டு உட்கார்ந்திருந்தாள்.

மலையடிவாரத்துக்குத் திரும்பும் இடத்தில் இடது பக்கம் காவடிக் கூட்டம். வண்டி மெல்ல மெல்ல இடது பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. அவர் நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"நைனா, ரைட்டு. ரைட்டுல... நைனா!"

டப்!

பின்னாலிருந்து தகரத்தில் ஒரே ஒரு தட்டு. பக்தவச்சலத்தின் கால் தானாக பிரேக்கில் போய் விழுந்தது. வண்டி குலுங்கி நின்றது. இடது பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு ஒரு காவடி சாய்ந்து, நிமிர்ந்தது. தூக்கியவன் சின்னப் பையன் இல்லை, வயசானவர். ஒரு காலைப் பின்னால் வைத்துத் தடுமாறி நின்று, வண்டிக்குள் பார்த்தார். அவர் பின்னால் வந்த பெண்கள்தான் தெலுங்கில் கிழித்தார்கள்.

"எடமே வுட மாட்றானுங்க," என்றார் பக்தவச்சலம்.

துர்கா இறங்கிச் சுற்றி வந்து அவர் பக்கக் கதவைத் திறந்தாள். அவர் நகர்ந்துகொண்டார். கண்ணாடிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு மயிலிறகு சிக்கியிருந்தது. அதை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தாள். குப்பம்மாள் கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள். தட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

●

கிரவுண்டில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் டெஸ்ட் கொடுக்க வந்தவர்களும் அவர்களோடு வந்தவர்களும். வேப்ப மர நிழலில் பிரேக் இன்ஸ்பெக்டர், தொப்பி போட்டுக்கொண்டு. அவரை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கூப்பிடாத நேரமெல்லாம் துர்கா நடந்தாள். கயிறு ஓரமாக அந்தக் கோடி வரை நடந்து, திரும்பி நடந்து வந்தாள்.

"கொஞ்சம் நில்லுடி. எனக்குத் தல சுத்துது," என்றாள் நஸியா.

"நின்னா கால் தானா கிளட்ச்ச மிதிக்குதுக்கா."

அத்தை மகன் விஜயன் பைக்கில் வந்து இறங்கினான். திருப்பதி ரோட்டில் ஆக்டிங் டிரைவராக ஓடுகிறவன். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கர்ச்சீப்.

"இன்னா பாவா, சாவிக்கு அதுக்குள்ள அவசரமா?" என்றாள் துர்கா.

"நீ இன்னும் ஃபெயிலே ஆவல. அதுக்குள்ள ஏன் கத்தற?"

"ஆவ மாட்டேன்."

"நல்லது. ஆவாத." சொல்லிவிட்டு அவன் மாமாவைத் தேடிப் போனான். சண்டைக்கு வராத ஆளோடு சண்டை போடுகிறது எவ்வளவு கஷ்டம் என்று அவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நஸியாவின் கார். சீட், பெல்ட், கண்ணாடி. இன்ஸ்பெக்டர் வெளியிலிருந்து குனிந்து, "ஜன்னல எறக்கும்மா. நான் சொல்றது கேக்கணும்ல," என்றார்.

துர்காவின் விரல் பட்டனில் நின்றது. இறக்கினாள். வெளிச் சத்தமெல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்தது. வண்டிச் சத்தம், மலைக் கோயில் மைக், யாரோ யாரையோ திட்டுவது.

எச் போட்டாள். முன்னால் போய், பின்னால் வந்து, திரும்பி. ஒரு கம்பமும் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். "பரவால்லியே. இப்ப ரிவர்ஸ் பார்க்கிங்."

ரிவர்ஸ் கியர். கிளட்ச். கம்பம் கண்ணாடியில் நகர்ந்தது. பின் கதவுக்கு வந்தது. ஒடித்தாள். காரின் பின்பக்கம் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நுழைந்தது. கோடு தெரிந்தது. நேராக்கினாள். பின் கம்பத்துக்கும் காருக்கும் நடுவில் ஒரு ஆள் கை காலை நீட்டிப் படுக்கலாம். அவ்வளவு இடம் இருந்தது. கண்ணாடியில் அவளே பார்த்தாள். வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம்தான்.

டப்!

ஒரே ஒரு தட்டு. தகரத்தில். ஓங்கி.

அவள் யோசிக்கவில்லை. கால் யோசித்தது. பிரேக் அடிமட்டம் வரை போனது, கிளட்ச் மேலே வந்தது, கார் ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே.

"ஏம்மா நிறுத்தின?"

"சார், யாரோ தட்டனாங்க சார்."

"ரோட்டுல ஆயிரம் பேரு தட்டுவான், ஹாரன் அடிப்பான், கத்துவான். ஒவ்வொருத்தனுக்கும் நடு ரோட்டுல நிப்பியா?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. "நல்லா ஓட்டற. ஆனா வண்டி ஆஃப் ஆயிடுச்சி. அடுத்த வாரம் வா."

"சார், இன்னொரு சான்சு..."

"அடுத்த வாரம்மா. நெக்ஸ்ட்."

●

துர்கா கயிற்றைத் தாண்டி வந்தாள். குட்டி யானை பக்கத்தில்தான் நின்றது. அதன் தகரத்தில் தட்டினால்தான் அப்படிச் சத்தம் வரும். வேறு எந்த வண்டிக்கும் அந்தக் குரல் கிடையாது. வண்டியில் சாய்ந்துகொண்டு விஜயன் நின்றிருந்தான்.

"வெக்கமா இல்ல உனக்கு?" அவள் தொண்டை கிழியக் கத்தினாள். கயிறு ஓரம் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "நேரா கேட்டா தர மாட்டேன்னு இப்பிடி தட்டி வாங்கறியா? நாலு கியர் போடத் தெரிஞ்சா ஆம்பளயா? வண்டி வேணும்னா வாங்குடா, உழைச்சி வாங்கு! என் வண்டி மேல ஏன் கை வச்ச?"

"துர்கா..."

"பேசாத. உங்கம்மா சொல்லி அனுப்பிச்சாளா?"

"துர்கா, கொஞ்சம் என் கையப் பாக்கறியா."

பார்த்தாள். அவன் வலது கையில் ஒரு டீ கிளாஸ். இடது கையில் ஒரு டீ கிளாஸ். இரண்டும் விளிம்பு வரை ததும்பிக்கொண்டிருந்தன. ஒரு சொட்டுக்கூடச் சிந்தியிருக்கவில்லை.

"அத்தைக்கும் மாமாவுக்கும் வாங்கிகினு வந்தேன். மூணாவது கை எனக்கு இல்ல."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். துர்கா திரும்பி முறைத்ததும் அடங்கினான்.

விஜயன் ஒரு கிளாஸை வண்டிமேல் வைத்தான். இன்னொன்றை எடுத்துக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்திருந்த பக்தவச்சலத்திடம் போனான். வண்டியின் அந்தப் பக்கத்தில் ஒரே ஒருத்திதான் மிச்சம். அவள் உள்ளங்கை சிவந்திருந்தது.

"நீயா?"

"ஆங். நான்தான்," என்றாள் குப்பம்மாள்.

"கம்பம் இடிக்கற மாரி இருந்துச்சா?"

"இல்ல. நல்லாதான் வந்த. நேரா வந்த."

"அப்புறம் ஏம்மா?" குரல் உடைந்தது. உடைந்ததற்காகவும் சேர்த்துக் கோபம் வந்தது. "ஏன் தட்டன?"

குப்பம்மாள் இடது பக்கக் கண்ணாடியைக் காட்டினாள். மயிலிறகு இன்னும் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது.

"காலையில யாரு தள்ளி உக்காந்தது?"

துர்கா மயிலிறகையே பார்த்தாள்.

"கடைக்காரன்கிட்ட கத்துவ. உங்க அத்தகிட்ட கத்துவ. இப்ப இந்தப் பையன ஊரு பாக்க நாக்கப் புடுங்கிக்கற மாரி கேட்ட. அவரு தள்ளு கண்ணுன்னா மட்டும் பூனக்குட்டி மாரி ஒதுங்கிக்கினியே, மாட்டேன்னு ஒரு வார்த்த வந்துச்சா உன் வாயில?"

"கொஞ்ச தூரம்தானேம்மா."

"நீ முன்னாடி உக்காந்துகினு இருந்த. நான் பின்னாடி நின்னேன். அந்தக் காவடிக்காரர் மூஞ்ச நான் பாத்தேன். நான் தட்டலன்னா இன்னிக்கு அந்த மனுசன் சக்கரத்துக்குக் கீழ." அவள் குரலை ஏற்றவே இல்லை. "சாவி உன்கிட்ட இருந்தா உங்க நைனா ஓட்டுவாரு. விஜயன்கிட்ட இருந்தா ஓட்ட மாட்டாரு. அவன் நல்லவன்னு நான் சொல்லல. அவன் குடுக்க மாட்டான். எனக்கு அது போதும். வண்டி ஓடறது எனக்குத் தேவயில்ல. அவரு ஓட்டாம இருக்கணும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"ஒரு மாசமா சொல்லிகினு இருக்கேன். நீ எங்க கேட்ட? தட்டனாதான் நிக்கற."

டீ ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் தொடவில்லை.

●

திரும்பும்போது துர்காதான் ஓட்டினாள். வழியெல்லாம் பக்தவச்சலம் ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். ஆறுதலில் பாதி திட்டு.

"சாயங்காலம் அம்மாவ இட்டுகினு வரேன்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான் விஜயன். கேலியாகச் சொல்லவில்லை. வாக்கு வாக்குதான் என்கிற மாதிரி சொன்னான்.

அவர்கள் வீட்டுச் சந்து ஒரு வண்டி அகலம். ரோட்டிலிருந்து ரிவர்ஸில்தான் உள்ளே விட வேண்டும். ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் அடுத்த வீட்டுச் சுவர்.

"எறங்கு கண்ணு," என்றார் பக்தவச்சலம். "நான் போட்டுக்கறேன். ரிவர்ஸு உனக்கு வரலன்னு கவர்மெண்ட்டே சொல்லிடுச்சி."

துர்கா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீ எறங்கு நைனா. சந்துல எறங்க முடியாது, இங்கயே எறங்கிக்கோ."

அவர் இறங்குவதற்குள் குப்பம்மாள் குதித்து, வழக்கம்போலப் பின்னால் போய், கையைத் தூக்கி நின்றுவிட்டாள்.

துர்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "தட்டாதம்மா."

"சாக்கட இருக்குடி."

"தெரியும். நில்லு. தட்டாத."

வண்டி பின்னால் நகர்ந்தது. வலது கண்ணாடியில் சுவர். இடது கண்ணாடியில் மயிலிறகு, அதற்குப் பின்னால் சாக்கடை ஓரம், அதற்கும் பின்னால் அம்மா. தூக்கிய கை தூக்கியபடி. வண்டி வர வர அம்மா பின்னால் நடந்தாள். ஒரு இடத்தில் அந்தக் கை தகரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. விரல்கள் விரிந்தன. துர்கா பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடியையே பார்த்தாள். கை தகரத்தில் படவில்லை.

வண்டி நின்றது. பின்னால் கல் சுவருக்கு ஒரு முழம் இருந்தது. குப்பம்மாள் அதைக் குனிந்து பார்த்தாள். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. சொல்கிற பழக்கம் அந்த அம்மாவுக்குக் கிடையாது. கண்ணாடியிலிருந்து மயிலிறகை மட்டும் உருவி எடுத்தாள்.

துர்கா சாவியை உருவினாள். உள்ளே போனாள். சாவியை ஆணியில் மாட்டப் போன கை பாதியில் நின்றது. இந்த வீட்டில் யாருக்கு வண்டி வேண்டுமோ அவர் அந்த ஆணிக்குத்தான் வருவார். அவள் சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றாள்.

பக்தவச்சலம் நிலைப்படியைக் கையால் தொட்டுக்கொண்டு உள்ளே வந்தார். ஜன்னல் திறந்திருந்தது. வீடு முழுக்க வெயில். அவர் நேராக ஆணியிடம் போய்க் கையை நீட்டினார். விரல் வெறும் ஆணியில் பட்டது. மறுபடி தொட்டார். பக்கத்து ஆணிக்குப் போய், சட்டம் போட்ட சான்றிதழைத் தடவிவிட்டு, திரும்பவும் முதல் ஆணிக்கே வந்தார்.

சாவி அங்கே இல்லை என்பது வாசலிலிருந்தே தெரியும். கண் இருந்தால்.

ஒரு மாதமாக டாக்டர் சொன்னது, சுவர் சொன்னது, அம்மா சொன்னது எதுவும் துர்காவுக்குள் இறங்கவில்லை. இப்போது இறங்கியது.

"சாவி எங்க?"

"என்கிட்ட இருக்கு நைனா."

"குடு. விஜயன் வரதுக்குள்ள டீசல் போட்டுகினு வந்துடறேன். காலி டேங்க்கோட குடுத்தா அக்கா ஒரு வார்த்த சொல்லுவா." அவர் குரல் கீழே இறங்கியது. "கடைசியா ஒரு தபா, கண்ணு."

அதே குரல். பள்ளிக்கூட வாசல் குரல்.

"மாட்டேன் நைனா."

"இன்னா?"

"தர மாட்டேன். இன்னிக்கு இல்ல. இனிமே எப்பவும் இல்ல. நீ கேக்காத. கேட்டாலும் தர மாட்டேன்."

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

பக்தவச்சலம் கையை நீட்டியபடியே இருந்தார். அந்தக் கை அவள் பக்கம் நீளவில்லை. இரண்டடி தள்ளி, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து நீண்டிருந்தது. துர்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சாவியை மட்டும் விடவில்லை.

வெளியே பைக் சத்தம் கேட்டு நின்றது. அத்தை எல்லம்மாளின் குரல் ஆளுக்கு முன்னால் சந்துக்குள் நுழைந்தது. "பக்தா! பொண்ணு ஃபெயிலாமே? எங்க சாவி? நல்ல நேரம் போறதுக்குள்ள எடுத்துடலாம்."

"யாரு உள்ள வுட்டது வண்டிய?" இது விஜயன். "செமையா போட்டிருக்கே."

"எம் பொண்ணு," என்றாள் குப்பம்மாள்.

எப்போது அவள் வாசலுக்கு வந்தாள் என்று துர்காவுக்குத் தெரியாது. ஒரு கையில் கரித்துணி. வெளியே அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, இந்த வீட்டுக்குள் எப்போதும் நுழைகிற மாதிரி, கேட்காமலே காலைத் தூக்கினாள்.

குப்பம்மாள் கதவுப் பலகையில் உள்ளங்கையால் அடித்தாள்.

ஓங்கி, ஒரே ஒரு தட்டு.

எல்லம்மாளின் கால் படிக்கு மேலே அப்படியே நின்றது.